‘ஸ்பீச்லெஸ்’: தாயின் சத்தமும் மகனின் எழுத்துப் பலகையும்

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டில், இரவுச் சாப்பாடு முடிந்ததும் அரை மணி நேரம் தொலைக்காட்சி பார்ப்பது என் மகனுக்காக ஏற்பட்ட வழக்கம். அவனுக்குப் பதினாறு வயது. பிறவியிலேயே மூளை முடக்குவாதம் கொண்டவன், சக்கர நாற்காலியில் இருப்பவன், வாயால் பேச இயலாதவன். ஆனால் ஓர் எழுத்துப் பலகையைக் கொண்டு வீட்டில் மற்ற எல்லோரையும் விடக் கூடுதலாக வம்பு வளர்ப்பவன். தமிழ் நெடுந்தொடர்களில் அவனைப் போன்ற ஒரு பிள்ளை வந்துவிட்டால் அடுத்து என்ன நடக்கும் என்பதை அவன் முன்கூட்டியே சொல்லிவிடுவான்: தாய் அழுவாள், மாமியார் பழிப்பாள், கதை இழுக்க முடியாத கட்டத்தை எட்டியதும் ஏதாவது ஒரு கோயில் வாசலில் பிள்ளை எழுந்து நடப்பான். அப்படிப்பட்ட ஒரு காட்சியின் நடுவே அவன் பலகையில் ‘போதும்’ என்று எழுதிய பிறகுதான், உடன் பணியாற்றும் ஆசிரியை ஒருவர் பலமுறை சொல்லியும் நான் தள்ளிப்போட்டு வந்த ‘ஸ்பீச்லெஸ்’ என்ற அமெரிக்கத் தொடரைப் பார்க்கத் தொடங்கினோம்.

2016 செப்டம்பர் முதல் 2019 ஏப்ரல் வரை ஏ.பி.சி. தொலைக்காட்சியில் மூன்று பருவங்களாக, மொத்தம் 63 பகுதிகளாக வெளிவந்த குடும்ப நகைச்சுவைத் தொடர் இது. ஒரு பகுதி இருபது நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். மாயா டிமியோ என்ற தாயாக மினி டிரைவரும், அவளுடைய மூத்த மகன் ஜேஜேயாக மைக்கா ஃபவுலரும் நடித்திருக்கிறார்கள். ஜேஜேக்கு மூளை முடக்குவாதம். நடித்த ஃபவுலருக்கும் அதே நிலைதான், ஆயினும் அவர் நிஜ வாழ்வில் பேசக்கூடியவர். 2016-ஆம் ஆண்டு ருடர்மேன் குடும்ப அறக்கட்டளை வெளியிட்ட ஆய்வொன்று, அமெரிக்கத் தொலைக்காட்சியின் முன்னணித் தொடர்களில் வரும் மாற்றுத்திறனாளிப் பாத்திரங்களில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றில் குறைபாடு ஏதும் இல்லாதவர்களே நடிக்கிறார்கள் என்று கூறியது. அதே ஆண்டில் வெளிவந்த இத்தொடரில் மைக்கா ஃபவுலரைக் காண்பதற்கு அதனாலேயே ஒரு மதிப்பு இருக்கிறது. உருவாக்கியவரான ஸ்காட் சில்வெரி, மூளை முடக்குவாதம் கொண்ட சகோதரருடன் வளர்ந்தவர். அது சொல்லப்படாவிட்டாலும் இரண்டாம் பகுதிக்குள் தெரிந்துவிடும். சக்கர நாற்காலியைப் பழைய வேன் ஒன்றில் ஏற்றும் காட்சியில் குடும்பத்தில் ஒருவரும் மற்றவருக்கு எதையும் சொல்வதில்லை, ஆளாளுக்குத் தத்தம் வேலையைப் பேசிக்கொண்டே செய்கிறார்கள். பார்த்துப் பழகியவர் எழுதினால் மட்டுமே அப்படி வரும்.

கதை எளியது. ஜேஜேக்குத் தகுந்த வசதி கிடைக்கும் என்ற நம்பிக்கையில் ஊர் ஊராகப் பள்ளி மாற்றி அலையும் குடும்பம், கலிபோர்னியாவில் வசதியானவர்கள் வாழும் பகுதி ஒன்றில், அங்குள்ளவற்றிலேயே மிகவும் பாழடைந்த வீட்டில் குடியேறுகிறது. அப்பகுதியின் பள்ளியில் ஜேஜேக்கு ஓர் உதவியாளர் கிடைப்பார் என்பதே காரணம். முதல் நாளே மாயா பள்ளிக்குள் வரிந்துகட்டிக்கொண்டு நுழைகிறாள். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் என்று அவளுக்குக் காட்டப்படும் வழிதான் பள்ளியின் குப்பையை வெளியேற்றும் வழியும். அவள் தலைமையாசிரியையிடம் போடும் சண்டை தொடரின் புகழ்பெற்ற காட்சிகளில் ஒன்று. சிரிப்பு வரும்படிதான் எடுக்கப்பட்டிருக்கிறது. எனக்கு முதலில் சிரிப்பு வரவில்லை.

ஏனெனில் நானும் ஒரு சாய்தளத்தின் அடியில் நின்றிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் மகனைச் சேர்க்கக் கேட்டுப் போன ஒரு பள்ளியில் சாய்தளம் இல்லாமல் இல்லை. வாக்குச்சாவடிக்காகக் கட்டியது என்றார்கள். அதன் கீழ்முனையில் ஆசிரியர்களின் இருசக்கர வாகனங்கள் நின்றன. மேல்முனையில், எவருடைய கணக்கிலோ தப்பிப்போன ஒரு படி இருந்தது. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும் என்பது சாய்தளத்தின் விதி. அங்கே இரண்டடி உயரத்தை ஏழெட்டு அடிக்குள் முடித்திருந்தார்கள். நாற்காலியைப் பின்புறமாகத் திருப்பி இழுத்து ஏற்றும்போது என் மகனின் முகம் வானத்தைப் பார்த்தபடி இருந்தது. நான் மாயாவைப் போலச் சண்டை போடவில்லை. பொறுமையாகப் பேசினால் சேர்த்துக்கொள்வார்கள் என்று நம்பி, வண்டிகளைச் சற்று நகர்த்த முடியுமா என்று கேட்டேன். வண்டிகளை நகர்த்தினார்கள், சேர்த்துக்கொள்ளவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாயாவின் சத்தத்துக்குப் பின்னால் 1975-ஆம் ஆண்டிலிருந்து அமெரிக்காவில் நடப்பில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம் நிற்கிறது. கட்டடங்களைப் பற்றிய கேள்விக்கு 1990-ஆம் ஆண்டின் இன்னொரு சட்டம் நிற்கிறது. நாற்பது ஆண்டுகளாக நீதிமன்றம் வரை சென்று பழகிய பெற்றோர்களின் வரிசையில் கடைசியாக வந்தவள் அவள். நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்தத் தொடர் தொடங்கிய அதே 2016-ஆம் ஆண்டின் டிசம்பரில்தான் நிறைவேறியது. 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டத்தில் ஏழாக இருந்த குறைபாட்டு வகைகள் அதில் இருபத்தொன்றாயின. ஆறு முதல் பதினெட்டு வயது வரை இலவசக் கல்வி உரிமையும் அதில் எழுதப்பட்டிருக்கிறது. சட்டப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவுடன் வரிசையில் நிற்கும் சேலத்துத் தாய்க்கும், தலைமையாசிரியையின் மேசையைத் தட்டும் மாயாவுக்கும் இடையே உள்ள தூரத்தைத் தொடர் அறியாது. அது அதன் குறையுமன்று. பார்க்கும் நாம்தான், அவளுடைய சத்தத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து பயன்படுத்தலாம் என்று எண்ணிவிடக் கூடாது.

ஆனால் இந்தத் தொடரைப் பற்றி நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் மாயாவின் சண்டைகள் அல்ல, ஜேஜேயின் பலகை.

ஜேஜேயின் தலையில் ஒரு சிறு லேசர் விளக்கு பொருத்தப்பட்டிருக்கிறது. நாற்காலிக்கு முன்னால் எழுத்துகளும் அடிக்கடி வேண்டிய சொற்களும் அச்சிட்ட பலகை. தலையை அசைத்து ஒளிப்புள்ளியை ஒவ்வோர் எழுத்தாக நிறுத்துகிறான். பக்கத்தில் நிற்பவர் அதைப் பார்த்து உரக்கப் படிக்கிறார். தொடரின் ஒவ்வொரு பகுதியின் தலைப்பும் இதே முறையில்தான் இருக்கிறது: முதலில் ஓரிரு எழுத்துகள் தனித்தனியாக, பிறகு முழுச் சொல். அதாவது அவன் இரண்டு எழுத்தைக் காட்டியதுமே எதிரில் இருப்பவர் முந்திக்கொண்டு சொல்லை முடித்துவிடுகிறார். தலைப்புகளைப் பட்டியலில் பார்த்தபோது ஏதோ அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன். பத்துப் பகுதிகள் கடந்த பிறகுதான் அது ஒரு நகைச்சுவை என்பதும், அந்த நகைச்சுவை என்னைப் போன்றவர்களைப் பற்றியது என்பதும் விளங்கியது.

தமிழில் பலகை செய்வது ஆங்கிலத்தை விடக் கடினம் என்றும் எளிது என்றும் சொல்லலாம். 247 எழுத்துகளையும் அச்சிட்டால் எறும்புப் புற்று போலாகிவிடும். எங்கள் பலகையில் மேல்வரிசையில் உயிர் பன்னிரண்டு. கீழே ஆறு ஆறாக மூன்று வரிசைகளில் மெய் பதினெட்டு. ஓரத்தில் பெரிதாக ஒரு புள்ளி. மெய்யை மட்டும் காட்டினால் அகரம் சேர்ந்த எழுத்து. மெய்யையும் உயிரையும் அடுத்தடுத்துக் காட்டினால் உயிர்மெய். மெய்க்குப் பின் புள்ளியைக் காட்டினால் ஒற்று. ‘அம்மா’ என்பதற்கு ஐந்து முறை கை நீள வேண்டும்: அ, ம, புள்ளி, ம, ஆ. என் மகன் வலக்கையின் மடங்கிய விரல்களால் காட்டுகிறான். ஓர் எழுத்துக்கு நான்கைந்து நொடிகள் ஆகும், களைத்திருந்தால் பத்து. இலக்கண ஆசிரியையாகிய எனக்கு, தொல்காப்பியர் வகுத்த உயிரும் மெய்யும் என் பிள்ளையின் முழங்கைக்கு எவ்வளவு வேலை மிச்சப்படுத்துகின்றன என்பது கரும்பலகை முன் நின்ற இருபது ஆண்டுகளில் தோன்றாத ஒரு பாடம்.

ஒரு மாலை அவன் த, ட, புள்ளி, ட, உ என்று காட்டினான். ‘தட்டு’ என்று சொல்லிக்கொண்டே நான் எழுந்து சமையலறைக்குப் போய், பசிக்கிறது போலும் என்று சோறும் குழம்புமாகத் தட்டை வைத்துக்கொண்டு வந்து நின்றேன். அவன் கண்களை உருட்டினான். மறுநாள் காலை அவனைப் பள்ளிக்கு அழைத்துச் செல்ல வந்த ஆட்டோ ஓட்டுநரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். ‘டீச்சர், தம்பி தட்டு கேக்கலைங்க. தட்டுவடை செட்டு கேட்டிருக்குது. முந்தாநேத்துக் கடை முன்னால வண்டிய நிறுத்தச் சொல்லிச்சு, நாந்தான் நேரமாச்சுன்னு வந்துட்டேன்.’ இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவே துருவிய கேரட்டும் பீட்ரூட்டும் வெங்காயமும் இரண்டு சட்னியும் வைத்துத் தரும் அந்தச் சேலத்துப் பண்டத்தைக் கேட்க அவனுக்கு இன்னும் சில எழுத்துகளே வேண்டியிருந்தன. நான்தான் முன்னரே எழுந்து போய்விட்டேன்.

இது நடந்த வாரத்தில்தான் முதல் பருவத்தின் நடுப்பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆகவே நான் நடுநிலையான விமர்சகர் அல்லர்.

முதல் பகுதியில் ஜேஜேக்குப் பள்ளி தரும் உதவியாளர், குழந்தைக் கதையில் வரும் இளவரசி போன்ற இனிமையான குரலில் அவனுடைய சொற்களைப் படிக்கும் ஒரு பெண். பதின்வயதுப் பையன் சொல்ல விரும்பும் முரட்டு வார்த்தையும் அந்தக் குரலில் தாலாட்டாகிவிடுகிறது. அவன் அவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பள்ளித் தோட்ட வேலையைப் பார்க்கும் கென்னத்தைத் தன் குரலாகத் தேர்ந்தெடுக்கிறான். செட்ரிக் யார்பரோ நடித்திருக்கும் கென்னத், பயிற்சி பெற்றவர் அல்லர். அந்தப் பள்ளியில் கறுப்பினத்தவர் என்பதால் தாமும் ஓரளவு வெளியாள். ஆழ்ந்த குரல், அலட்சியமான நின்ற கோலம், ஜேஜே எழுதுவதை எழுதியபடியே படிக்கும் நேர்மை ஆகியவை சேர்ந்து அந்தப் பாத்திரத்தைத் தொடரின் தூணாக்கியிருக்கின்றன. மாயாவுக்கும் கென்னத்துக்கும் இடையே தொடக்கத்தில் நிலவும் பொறாமை நுட்பமாக எழுதப்பட்டிருக்கிறது. இதுநாள் வரை மகனின் சொல்லைப் படித்துக்கொண்டிருந்தவள் அவள். இப்போது அவன் தன் தாயிடம் சொல்லாத எதையோ வேறொருவரிடம் சொல்லிச் சிரிக்கிறான். ஒரு தாய்க்கு இது மகிழ்ச்சியா துக்கமா என்று கேட்டால் இரண்டும்தான். மினி டிரைவர் அதை முகத்தில் ஒரே நேரத்தில் கொண்டுவருகிறார், வசனம் இல்லாமலேயே.

எங்கள் வீட்டில் ஒரு வேடிக்கை நடந்தது. தொடர் முழுவதும் ஆங்கிலத்தில். தமிழ் ஒலிவடிவமோ தமிழ் எழுத்துகளோ இல்லாமல்தான் நாங்கள் பார்த்தோம். மகனுக்கு ஆங்கிலம் ஓரளவு புரியும் என்றாலும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாததால், நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் சொல்லி வந்தேன். பதினைந்து பகுதிகள் போல முடிந்த ஓர் இரவில் அவன் பலகையில் நீண்ட நேரம் எழுதினான். நான் குறுக்கே புகாமல் இருக்க என் கைகளைக் கட்டிக்கொண்டேன். ‘ஜேஜே பொண்ணு மாதிரி இருக்கான். அப்பா படிக்கட்டும்.’ இளவரசிக் குரலில் படித்தவள் நான்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. இரும்பாலையில் இரண்டாம் ஷிப்டு முடித்து இரவு பதினொரு மணியளவில் வீடு திரும்பும் என் கணவர், அதுவரை இந்தத் தொடரின் ஒரு காட்சியைக்கூடப் பார்த்திராதவர், மறுநாள் முதல் ஜேஜேயாகவும் கென்னத்தாகவும் நியமிக்கப்பட்டார். எனக்கு மாயாவும் தலைமையாசிரியையும் மட்டும் மிஞ்சினார்கள். அவர் ஷிப்டை ஒட்டி எங்கள் தொலைக்காட்சி நேரம் மாறியது. தூக்கக் கலக்கத்தில் அவர் ஜேஜேயின் நையாண்டிகளை உணர்ச்சியே இல்லாமல் படிப்பது, என்னுடைய நாடகப் பாணி வாசிப்பை விட நன்றாகத்தான் இருந்தது.

பரிதாபத்தைப் பற்றியும் இத்தொடர் கூர்மையாகப் பேசுகிறது. ஜேஜே வகுப்பறைக்குள் நுழைந்ததுமே எல்லோரும் எழுந்து கைதட்டுகிறார்கள். ஒரு வார்த்தை பேசும் முன்னரே மாணவர் தலைவர் பதவிக்கு அவன் பெயரை முன்மொழிகிறார்கள். அவன் எதுவுமே செய்யவில்லை, உள்ளே வந்ததைத் தவிர. ஸ்டெல்லா யங் என்ற ஆஸ்திரேலிய எழுத்தாளர், தாமும் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர், 2014-இல் சிட்னியில் ஆற்றிய உரை ஒன்றில் இந்தக் கைதட்டலைக் கடுமையாக விமர்சித்தார்: நலமாக இருப்பவர்கள் தம்மைப் பற்றி நிம்மதி கொள்வதற்காக மாற்றுத்திறனாளிகளைக் காட்சிப் பொருளாக்குவது அது என்றார். அவர் பரப்பிய அந்தக் கருத்தையே முதல் பருவத்தில் ஒரு முழுப் பகுதி எடுத்துக்கொள்கிறது. அதுவும் பாடம் நடத்தாமல், டிமியோ குடும்பத்தினர் கென்னத்துக்கு விளக்கிச் சொல்வதாக.

நம் ஊரில் யாரும் எழுந்து நின்று கைதட்டுவதில்லை. இங்கே ‘பாவம்’ என்பார்கள். அல்லது ‘தெய்வக் குழந்தை’ என்பார்கள். இரண்டாவது சொல் அன்பாகச் சொல்லப்படுவதால் மறுத்துப் பேசவும் முடியாது. கடந்த மே மாதம், ஏற்காட்டில் கோடை விழா நடந்த வாரத்தில், இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் மகன் ஒவ்வொன்றின் எண்பலகையையும் பார்த்துச் சரிபார்க்க, ஆட்டோ ஓட்டுநரின் உறவினருடைய வாடகைக் காரில் மலையேறினோம். அண்ணா பூங்காவில் கூட்டம். சேர்வராயன் கோயில் பக்கம் காற்று வாங்கலாம் என்று போனோம். அங்கே ஒரு பாட்டி அருகில் வந்து, எங்களைக் கேட்காமலேயே என் மகனின் உள்ளங்கையில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து, கன்னத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார். எனக்கு முகம் சுருங்கியது. அவனோ நோட்டை இறுகப் பிடித்துக்கொண்டு பலகைக்குக் கையை நீட்டினான்: ட, ஈ. டீ வேண்டுமாம், அந்தப் பணத்தில். மலையில் பத்து ரூபாய்க்கு டீ கிடைக்கவில்லை, மீதியை நான் போட்டேன். ஜேஜே அந்த இடத்தில் இருந்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்பான் என்று எனக்குத் தோன்றியது தொடரின் வெற்றி என்றே கொள்கிறேன். அவன் புனிதன் அல்லன். பொய் சொல்கிறான், தம்பியைச் சீண்டுகிறான், பெண் பிள்ளைகளின் பின்னால் அலைகிறான், தன் நிலையைச் சாக்காக்கிச் சலுகை பெறுகிறான்.

தம்பி ரே, தங்கை டிலன் ஆகியோரின் கிளைக்கதைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வீட்டின் பணமும் நேரமும் அண்ணனுக்கே போய்விடுகின்றன என்ற ரேயின் முறையீடு வரும் இடங்கள் உண்மையாக இருக்கின்றன. எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள் அந்த இடங்களில் சிரிக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மற்றபடி பள்ளிக் காதல், ஓட்டப் போட்டி என்று அவை எந்தக் குடும்ப நகைச்சுவையிலும் வரக்கூடியவை. விமான நிலையத்தில் வேலை பார்க்கும் தந்தை ஜிம்மியாக ஜான் ராஸ் போவி, மனைவியின் புயலுக்கு நடுவே கரை போல நிற்கிறார்.

குறைகளும் உண்டு, சிலவற்றைத் தாண்டிச் செல்ல என்னால் முடியவில்லை. முதலாவது நேரம். ஜேஜே இரண்டு முறை தலையை அசைப்பதற்குள் கென்னத் ஒரு முழு வாக்கியத்தைச் சொல்லி முடித்துவிடுகிறார். இருபது நிமிட நகைச்சுவையில் நொடிக்கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பது விளங்குகிறது. ஆனால் பலகையால் பேசுபவரின் வாழ்வில் பெரும்பகுதி அந்தக் காத்திருப்புதான். அவன் எழுதி முடிப்பதற்குள் எதிரில் நிற்பவர் கைபேசியை எடுத்துப் பார்ப்பது, பேச்சு வேறு பக்கம் போய்விடுவது, எழுதி முடித்த பதில் போன கேள்விக்கு உரியதாகிவிடுவது ஆகியவற்றில் எவ்வளவு நகைச்சுவையும் எவ்வளவு வலியும் இருக்கின்றன! முந்திக்கொண்டு சொல்லை முடிப்பவர்களைத் தலைப்பில் கேலி செய்யும் தொடர், தானே காட்சிக்குக் காட்சி முந்திக்கொள்கிறது.

இரண்டாவது, உடல். வளர்ந்த பிள்ளையைத் தூக்குவது, குளிப்பாட்டுவது, இரவில் தசை இறுகி விழித்துக்கொள்ளும்போது காலை நீவிவிடுவது, இயன்முறைப் பயிற்சி, வாயில் ஊட்டும்போது புரையேறாமல் பார்ப்பது ஆகிய அன்றாடங்கள் பெரும்பாலும் திரைக்கு வெளியே நடந்துவிடுகின்றன. என் மகனின் எடை இப்போது 41 கிலோ. என் முதுகுக்கு அது தெரியும். மாயாவுக்கு முதுகு வலித்து நான் பார்த்த நினைவில்லை. மூன்றாவது, பணம். குடும்பம் ஏழ்மையில் இருப்பதாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. ஆனால் அது உடைந்த வேன், ஒழுகும் வீடு என்ற வேடிக்கையோடு நின்றுவிடுகிறது. மூன்றாம் பருவத்தின் தொடக்கத்தில் லண்டனுக்குப் போய் மாயாவின் தந்தையைச் சந்திக்கும் இரண்டு பகுதிகளில் ஜான் கிளீஸ் நன்றாக நடித்திருந்தாலும், அந்தப் பயணச் செலவு எங்கிருந்து வந்தது என்று என் கணவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

இரண்டாம் பருவம் மூன்றிலும் குட்டையானது, பதினெட்டுப் பகுதிகள். சற்றுத் தொய்வும் இருக்கிறது. அவசரம் உள்ளவர்கள் பாதியைத் தாண்டிச் செல்லலாம். முதல் பருவத்தின் கடைசிப் பகுதிகளைத் தாண்டக் கூடாது. கோடை முகாமுக்குத் தனியாகப் போக வேண்டும் என்று ஜேஜே கேட்பதும், மாயாவால் அதைத் தாங்க முடியாமல் போவதும் அங்கேதான் வருகின்றன. நெடுந்தொடர்களில் தாயின் தவறு என்று எதுவுமே இருப்பதில்லை. தவறெல்லாம் பிறருடையவை, அவளுடையது தியாகம் மட்டுமே. மாயாவைத் தவறு செய்பவளாகவும், தன் சண்டையே தன் மகனுக்குச் சுமையாகிவிட்டதை அறியாதவளாகவும் காட்டத் துணிந்திருப்பதுதான் இத்தொடரில் நான் மிகவும் மதிக்கும் செய்கை. அவளுடைய சத்தம் பள்ளிக் கதவுகளைத் திறந்தது. அதே சத்தம் வீட்டுக்குள் மகனின் பேச்சுக்கு இடம் இல்லாமலும் செய்தது. இரண்டும் ஒரே தொண்டையிலிருந்து வருகின்றன என்பதை அறிவுரை இல்லாமல் சிரிக்கச் சிரிக்கக் காட்டியிருக்கிறார்கள்.

குடும்பத்தோடு பார்க்க நினைப்பவர்களுக்குச் சில செய்திகள். பதின்வயதினரின் காதல், குடி பற்றிய பேச்சுகள் அங்கங்கே வரும். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு நான் காட்ட மாட்டேன். அமெரிக்கப் பள்ளிச் சடங்குகளைப் பற்றிய கேலிகள் சில நமக்குப் புரியாமல் போகும், நட்டமில்லை. மொழிபெயர்த்துச் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருந்தால் நல்லது. யார் குரலில் சொல்ல வேண்டும் என்பதைப் பார்ப்பவரிடமே முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சிறப்பாசிரியர்களும், வீட்டுக்கு வந்து பயிற்சி தருபவர்களும், தேர்வறையில் ‘சொல்வதை எழுதுபவ’ராக உட்காரப் போகிறவர்களும் முதல் ஐந்து பகுதிகளையாவது பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

கடைசிச் செய்தியைச் சொல்ல எனக்குச் சொந்தக் காரணமும் இருக்கிறது. என் மகன் இந்த ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதுகிறான். சொல்வதை எழுதுபவரும் கூடுதலாக ஒரு மணி நேரமும் அவனுக்கு உண்டு. அந்தக் கூடுதல் நேரம் பலகைக்குப் போதுமா என்பதைப் பார்க்க, வீட்டில் பழைய வினாத்தாள்களை வைத்துப் பயிற்சி செய்கிறோம். எழுதுபவராக நான் உட்கார்ந்தால் இரண்டாம் எழுத்திலேயே விடையை எழுதிவிடுகிறேன் என்று புகார் செய்து, எதிர்வீட்டுக் கல்லூரி மாணவியை அமர்த்திக்கொண்டான். அந்தப் பெண்ணுக்கு இலக்கணம் அவ்வளவாகத் தெரியாது. அதுவே நல்லது, நான் சொல்வதை மட்டும்தான் எழுதுகிறாள் என்பது அவன் கட்சி.

ஜேஜே பள்ளிப் படிப்பை முடித்து வீட்டை விட்டுக் கிளம்பும் கட்டத்துக்கு நாங்கள் வந்தபோது தேர்வுக்கு ஏழு வாரங்கள் இருந்தன. மீதிப் பகுதிகளைத் தேர்வு முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம், பாடத்தில் கவனம் சிதறும் என்று சொன்னேன். அவன் பலகைக்குக் கையை நீட்டி வ, ஏ, ண என்று காட்டினான். ‘வேண்டாமா? சரி, நிறுத்திவிடலாம்’ என்று நான் எழுந்தேன். என் கணவர் என் சேலைத் தலைப்பைப் பிடித்து உட்கார வைத்தார். மகன் மெதுவாகப் புள்ளியைக் காட்டினான். பிறகு ட, உ, ம, மீண்டும் புள்ளி. அன்று இரவே மூன்று பகுதிகள் பார்த்தோம்.